பழி ஓரிடம், பாவம் ஓரிடம்... நாம் தினமும் பேசும் கிரேக்கக் கதைகள்!

சொல்லுக்குள் ஒரு கதை

அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு என்று போனால், டாக்டர் 'ஒரு எக்கோ எடுத்துடுங்க' என்கிறார். ஃபோனில் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தால், 'ட்ரோஜன் வைரஸ்' என்று சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, 'இவர்தான் உங்க மென்டார்' என்று ஒருவரை அறிமுகப்படுத்துகிறார்கள். இரவு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால், 'உங்கள் கணவர் நார்சிசிஸ்ட்டா? 5 அறிகுறிகள்' என்று ஒருவர் விரல் விட்டு எண்ணுகிறார்.

எக்கோ, ட்ரோஜன், மென்டார், நார்சிசிஸ்ட். நான்கும் இன்று தமிழில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொற்கள். நான்கும் கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து இறங்கி வந்தவை. எக்கோ ஒரு வனதேவதை. ட்ரோஜன் என்றால் ட்ராய் நகரத்துக்காரர். மென்டார் ஒரு முதியவர். நார்சிசஸ் 16 வயதுப் பையன்.

இந்தச் சொற்களின் கதையை இந்த வாரம் எழுதலாம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கதையில் தப்பு செய்தவர் ஒருவர், சொல்லில் பெயர் கெட்டவர் இன்னொருவர். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதேதான். வாங்க, ஒவ்வொரு கேஸாகப் பார்ப்போம்.

ஏமாந்தவர் பெயரில் வைரஸ்!

'என் கல்யாணப் பத்திரிகை, கட்டாயம் வரணும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கிறது. யார் கல்யாணம் என்ற ஆர்வத்தில் தொட்டால், ஃபோனுக்குள் ஒரு ஆப் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஓடிபி முதல் பேங்க் மெசேஜ் வரை எல்லாம் எங்கோ இருக்கும் திருடனுக்குப் போகிறது. இப்படிப் பரிசுப்பொருள் வேஷத்தில் உள்ளே வரும் கெட்ட புரோகிராமுக்குத்தான் ட்ரோஜன் என்று பெயர். 1970-களிலேயே கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ட்ராய் நகரத்தைக் கிரேக்கர்கள் பத்து வருடம் முற்றுகையிட்டும் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. கடைசியில் ஒரு பெரிய மரக்குதிரை செய்து, அதன் வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்துவிட்டு, ஊருக்குத் திரும்புவதுபோல் கப்பலேறிப் போனார்கள். ட்ராய் மக்கள் குதிரையைக் கோட்டைக்குள் இழுத்துச் சென்றார்கள். அன்று ராத்திரியே நகரம் எரிந்தது.

இந்தக் கதையை விரிவாகச் சொல்வது ரோமானியக் கவி வெர்ஜில். அவருடைய 'ஈனியட்' காவியத்தைப் படித்தால், ட்ராய் மக்கள் அவ்வளவு அசடுகள் இல்லை என்று தெரிகிறது. லவோகூன் என்ற பூசாரி, 'இதை நம்பாதீர்கள்' என்று கத்தி, குதிரையின் மீது ஈட்டியை எறிகிறார். ஆனால், கிரேக்கர்கள் ஒருவனைத் திட்டமிட்டே பின்னால் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவன் பெயர் சைனான். 'என்னைப் பலி கொடுக்கப் பார்த்தார்கள், தப்பி வந்தேன். இந்தக் குதிரை தெய்வத்துக்கான காணிக்கை. இதை உள்ளே கொண்டுபோனால் உங்களை யாராலும் வெல்ல முடியாது' என்று அழுதுகொண்டே கதை விடுகிறான். அதே நேரத்தில் கடலிலிருந்து இரண்டு பாம்புகள் வந்து லவோகூனையும் அவருடைய இரண்டு மகன்களையும் கொன்றுவிடுகின்றன. 'தெய்வக் காணிக்கையைக் குத்தியதால் வந்த தண்டனை' என்று மக்கள் பயந்துபோகிறார்கள். அதற்குப் பிறகுதான் குதிரை உள்ளே போகிறது.

இன்றைய ஆன்லைன் மோசடியும் இதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் பரிதாபம் வரவைக்கும் ஒரு கதை, அடுத்து ஒரு பயம், கடைசியில் ஒரு பரிசு. மூன்றும் சேர்ந்தால் புத்திசாலியும் கதவைத் திறந்துவிடுவார்.

இப்போது பெயரைக் கவனியுங்கள். குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள். பொய் சொன்னது கிரேக்கன். ஏமாந்து, வீடு வாசல் இழந்தவர்கள் ட்ரோஜன்கள். ஆனால், 3,000 வருடங்கள் கழித்து நம் ஃபோனுக்குள் வரும் திருட்டு புரோகிராமுக்கு ட்ரோஜன் என்று பெயர். 'ட்ரோஜன் குதிரை' என்ற சொல்லில் குதிரை உதிர்ந்துபோய், பறிகொடுத்தவர் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆன்லைனில் பணம் பறிகொடுத்தவரை, 'படிச்சிருந்தும் எப்படி ஏமாந்தே?' என்று வீட்டிலேயே குடைவதைப் பார்க்கும்போது, ட்ராய் மக்களின் நிலைமை நன்றாகவே புரிகிறது. திட்டு வாங்குவது எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்தானே! பணம் போயிருந்தால் திட்டுவதற்கு முன்னால் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான தேசிய எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

அவள் கையில் பெட்டியே இல்லை!

அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும் சொல், 'பண்டோரா பெட்டி'. 'இந்த விசாரணை பண்டோரா பெட்டியைத் திறந்துவிட்டது' என்பார்கள். 2021-ல் வெளிநாடுகளில் பதுக்கிய சொத்துகள் பற்றி உலகப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆவணங்களுக்கும் 'பண்டோரா பேப்பர்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.

நமக்குத் தெரிந்த கதை இதுதான். பண்டோரா என்ற பெண்ணிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, 'திறக்காதே' என்றார்கள். அவள் ஆர்வம் தாங்காமல் திறந்தாள். நோய், துன்பம் எல்லாம் வெளியே பறந்து உலகமே கெட்டது. 'பொம்பளைக்கு ஆர்வம் அதிகம்' என்ற நீதியோடு குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை.

இந்தக் கதையின் பழைய வடிவம் சுமார் 2,700 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஹெசியாட் என்ற கிரேக்கக் கவியிடம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால், பெட்டி இல்லை! 'பித்தோஸ்' என்று இருக்கிறது. தானியம், எண்ணெய், ஒயின் சேமித்துவைக்கும் பெரிய மண்ஜாடி. நம் ஊரில் சொல்வதென்றால் தாழி. ஆள் உயரத்துக்குக்கூட இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற சாமான் இல்லை.

ஜாடி எப்படிப் பெட்டி ஆனது? 16-ம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் இந்தக் கதையை லத்தீனில் எழுதும்போது, 'பித்தோஸ்' இருந்த இடத்தில் 'பிக்ஸிஸ்' என்று போட்டார். பிக்ஸிஸ் என்றால் நகையும் அலங்காரச் சாமானும் வைக்கும் சிறு பெட்டி. ஒரு சொல்தான் மாறியது. ஆனால், படம் மொத்தமாக மாறிவிட்டது. வீட்டின் களஞ்சியத்தைத் திறந்த ஒரு குடும்பத் தலைவி, நகைப்பெட்டிக்குள் எட்டிப்பார்த்த ஒரு பெண்ணாகிவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. 'திறக்காதே' என்று யாரும் அவளிடம் சொன்னதாகவே ஹெசியாட் எழுதவில்லை. ஆர்வத்தால் திறந்தாள் என்றும் எழுதவில்லை. மூடியை எடுத்தாள், அவ்வளவுதான்.

அப்படியானால் தப்பு யாருடையது? கதையைப் பின்னோக்கி நகர்த்துவோம். பிரோமிதியஸ் என்பவர் தேவலோகத்திலிருந்து நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்தார். கோபம் கொண்ட ஜீயஸ், மனிதகுலத்தைப் பழிவாங்க ஒரு பெண்ணை மண்ணாலும் நீராலும் செய்யச் சொன்னார். ஒவ்வொரு தெய்வமும் அவளுக்கு ஒன்றைக் கொடுத்தது. பண்டோரா என்ற பெயருக்கு 'எல்லாக் கொடைகளும்' என்று பொருள். அவளை பிரோமிதியஸின் தம்பி எபிமிதியஸிடம் அனுப்பிவைத்தார்கள். 'ஜீயஸ் எது கொடுத்தாலும் வாங்காதே' என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். தம்பி கேட்கவில்லை. பிரோமிதியஸ் என்றால் முன்யோசனை, எபிமிதியஸ் என்றால் பின்யோசனை என்று பெயரிலேயே இருக்கிறது!

ஆக, திருடியவர் ஒருவர், பழிவாங்கத் திட்டம் போட்டவர் ஒருவர், எச்சரிக்கையை மீறியவர் ஒருவர். மூவரும் ஆண்கள். அகராதியில் மாட்டிக்கொண்டது பண்டோரா.

ஹெசியாட் ஒன்றும் பெண்களுக்குப் பரிந்து பேசியவர் இல்லை. பெண் இனமே ஆணுக்குச் சுமை என்கிற அளவுக்குக் கசப்பாக எழுதியவர். அவரே சொல்லாத ஒரு குற்றத்தையும் பிற்காலம் பண்டோராவின் தலையில் ஏற்றிவைத்தது என்பதுதான் விசேஷம். இதைவிட ஆச்சரியம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு பழைய கிரேக்கக் கிண்ணம். அதில் தெய்வங்கள் சேர்ந்து அலங்கரிக்கும் பெண்ணின் பெயர் 'அனெசிடோரா' என்று எழுதப்பட்டிருக்கிறது. 'கொடைகளை மேலே அனுப்புபவள்' என்று பொருள். மண்ணிலிருந்து விளைச்சலைத் தரும் தாயாகவும் ஒரு காலத்தில் இவளைப் பார்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தானிய ஜாடியும் அவளும் சேர்ந்து வருவது அப்போது பொருத்தமாகத்தானே இருக்கிறது?

பக்கத்தில் நின்றவளை மறந்துவிட்டோம்!

இப்போது இந்தக் காலத்தின் ஃபேவரைட் சொல்லுக்கு வருவோம். நார்சிசிஸ்ட்.

கதையை விரிவாகச் சொன்னவர், சுமார் 2,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கவி ஓவிட். அவர் நார்சிசஸின் கதையைத் தனியாகச் சொல்லவில்லை. அதற்குள் எக்கோவின் கதையையும் பின்னியிருக்கிறார்.

எக்கோ ஒரு வனதேவதை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். தேவர்களின் ராஜா ஜூபிடர் மற்ற வனதேவதைகளோடு சல்லாபத்தில் இருக்கும்போதெல்லாம், அவரைத் தேடி மனைவி ஜூனோ வருவாள். எக்கோ வழியில் மடக்கிப் பேச்சுக் கொடுத்து, தோழிகள் தப்பி ஓட நேரம் வாங்கிக்கொடுப்பாள். ஒருநாள் ஜூனோவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. துரோகம் செய்த கணவருக்குத் தண்டனை இல்லை. எக்கோவுக்குக் கிடைத்தது சாபம். இனிமேல் அவளால் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாது. யாராவது பேசினால், அவர்களுடைய கடைசி வார்த்தைகளை மட்டும் திருப்பிச் சொல்லலாம்.

அந்த நிலையில்தான் காட்டில் வேட்டையாட வந்த நார்சிசஸைப் பார்த்துக் காதலிக்கிறாள். சொல்ல ஆயிரம் இருக்கிறது, சொல்லத்தான் வாயில்லை. அவன் நண்பர்களைத் தேடிக் கத்தும் வார்த்தைகளின் வாலைப் பிடித்துக்கொண்டு தன் மனதைச் சொல்லப் பார்க்கிறாள். அவன் தள்ளிவிடுகிறான். அவமானத்தில் குகைகளுக்குள் ஒளிந்து, உருகி, உடம்பு தேய்ந்து, எலும்புகள் கல்லாகி, கடைசியில் குரல் மட்டும் மிஞ்சுகிறது. மலையில் நாம் கேட்கும் எதிரொலி அதுதான்.

நார்சிசஸால் மறுக்கப்பட்ட வேறொருவர் தெய்வத்திடம் முறையிட, பழிதீர்க்கும் தெய்வம் நெமிஸிஸ் காது கொடுக்கிறாள். நார்சிசஸ் ஒரு சுனையில் தண்ணீர் குடிக்கக் குனிகிறான். நீருக்குள் ஒரு முகம். அதன் மீது காதலாகிறான். கவனியுங்கள்... அது தன் முகம் என்று அவனுக்கு முதலில் தெரியவே தெரியாது. நீருக்குள் வேறு யாரோ இருப்பதாக நினைத்துத்தான் கையை நீட்டுகிறான். உண்மை புரிந்த பிறகும் விலக முடியாமல், அங்கேயே வாடிச் சாகிறான். அவன் இறக்கும்போது, தன்னைத் தள்ளிவிட்டவனுக்காக எக்கோவின் குரலும் சேர்ந்து அழுகிறது.

1898-ல் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் மனதின் ஒரு நிலையை விளக்க நார்சிசஸை உவமையாகக் காட்டினார். அடுத்த வருடமே ஜெர்மன் மருத்துவர் பால் நெக்கே அதை ஒரு கலைச்சொல்லாக்கினார். 1914-ல் சிக்மண்ட் ஃபிராய்டு இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் இது ஓர் ஆளுமைக் கோளாறாக இடம்பிடித்தது. நிபுணர் ஒருவர் நேரில் பேசிப் பார்த்து, நீண்ட கால நடத்தையை ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டிய விஷயம். இன்று 30 விநாடி ரீல்ஸில் முடிந்துவிடுகிறது. செல்ஃபி எடுத்தால் நார்சிசிஸ்ட், பிறந்தநாளை மறந்தால் நார்சிசிஸ்ட், கருத்து வேறுபட்டால் மாமியாரும் நார்சிசிஸ்ட், மருமகளும் நார்சிசிஸ்ட்!

வீட்டில் உண்மையிலேயே கொடுமையை அனுபவிப்பவர்களுக்கு இந்தச் சொல் ஒரு பிடிமானமாக இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. 'எனக்கு நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது' என்று தெரிவதே பெரிய ஆறுதல். ஆனால், அவர்களுக்குத் தேவையான இன்னொரு பெயரும் அதே கதைக்குள் இருக்கிறதே! சொந்தமாக ஒரு வாக்கியம் பேச முடியாமல், அடுத்தவர் சொன்னதன் கடைசிப் பாதியையே திருப்பிச் சொல்லி வாழ்கிறவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? 'சரிங்க', 'உங்க இஷ்டங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்காத வீடுகள் நமக்குத் தெரியாதா என்ன? நார்சிசிஸ்ட் யார் என்று கண்டுபிடிக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. எக்கோ எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க ஆளில்லை.

அவளை ஒரே ஓர் இடத்தில் மட்டும் அழகாக நினைவு வைத்திருக்கிறோம். 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை நெஞ்சுக்குள் அனுப்பி, மோதித் திரும்பி வருவதை வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். எக்கோ கார்டியோகிராம் பிறந்தது. அடுத்த முறை எக்கோ எடுக்கக் காத்திருக்கும்போது நினைத்துப் பாருங்கள். தன் மனதைச் சொல்ல முடியாத பெண்ணின் பெயரில்தான், நம் இதயத்தில் இருப்பதைக் கேட்கிறார்கள்.

பெருமையும் இடம் மாறும்!

பழி மட்டும்தானா? பாராட்டும் முகவரி தப்பிப் போயிருக்கிறது. ஹோமரின் 'ஒடிசி'யில் யுலிஸஸ் போருக்குப் போகும்போது, தன் வீட்டை மென்டார் என்ற நண்பரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறார். 20 வருடங்கள் ஆகியும் அவர் திரும்பவில்லை. வீட்டில் வேண்டாத விருந்தாளிகள் உட்கார்ந்து சொத்தைத் தின்று தீர்க்கிறார்கள். மென்டாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யுலிஸஸின் மகன் டெலிமாக்கஸுக்குத் தைரியம் சொல்லி, கப்பல் ஏற்பாடு செய்து, அப்பாவைத் தேடி அழைத்துப்போவது அறிவுத் தெய்வமான அதீனா. அவள் எடுத்துக்கொண்ட உருவம்தான் மென்டார். வழிகாட்டியது ஒரு பெண் தெய்வம், விசிட்டிங் கார்டில் பெயர் மென்டாருடையது!

அட்லஸின் கதையும் இப்படித்தான். உலக உருண்டையைத் தோளில் சுமப்பவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். கிரேக்கக் கதையில் அவர் சுமப்பது வானத்தை. இத்தாலியின் நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கும் புகழ்பெற்ற அட்லஸ் சிலையின் தோளில் இருப்பதும் நட்சத்திரக் கூட்டங்கள் செதுக்கிய வான உருண்டைதான். 1595-ல் வெளியான தன் வரைபடப் புத்தகத்துக்கு 'அட்லஸ்' என்று பெயர் வைத்த மெர்கேட்டர் நினைத்தது இந்தச் சுமைதாங்கியை இல்லை. அதே பெயரில் இருந்ததாகச் சொல்லப்படும், வானியல் தெரிந்த ஓர் அரசரை. இவ்வளவு குழப்பத்துக்கு நடுவே சரியான இடத்தில் பெயர் வைத்தவர்கள் உடற்கூறு நிபுணர்கள். கழுத்தெலும்பின் முதல் கணுவுக்கு அட்லஸ் என்று பெயர். தலை என்கிற உருண்டையைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்கக் குனிந்து ஃபோன் பார்க்கும் நாம் அவர் சுமையைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

ஃபோனுக்குள் ஒரு அப்பா, ஒரு மகள்

அந்த ஃபோனுக்குள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது.

டான்டலஸ் என்ற ராஜா, தெய்வங்களைச் சோதிக்கத் தன் சொந்த மகனையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினான். அதற்குத் தண்டனையாகப் பாதாளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான். குனிந்தால் தண்ணீர் வற்றிவிடும். தலைக்கு மேல் பழம் தொங்கும். எட்டினால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். 1802-ல் ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபெர்க் ஒரு புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஆக்சைடை அமிலத்துக்குள் மூழ்கவைத்தாலும் அது அமிலத்தை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதவன் நினைவுக்கு வர, 'டான்டலம்' என்று பெயர் வைத்தார்.

டான்டலத்தோடு ஒட்டிக்கொண்டே கிடைக்கும் இன்னொரு உலோகம் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று பல வருடம் நினைத்தார்கள். 1844-ல் ஜெர்மனியின் ஹைன்ரிக் ரோஸ் இரண்டும் வேறு என்று காட்டி, இரண்டாவதற்கு 'நயோபியம்' என்று பெயர் சூட்டினார். நயோபி, டான்டலஸின் மகள். 14 பிள்ளைகளைப் பெற்ற அவள், இரண்டே பிள்ளைகள் பெற்ற லேட்டோ தெய்வத்தைவிடத் தான் உயர்ந்தவள் என்று பெருமையடித்தாள். லேட்டோவின் பிள்ளைகள் அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் வந்து அந்த 14 பேரையும் அம்பெய்து கொன்றார்கள். அழுது அழுது நயோபி கல்லானாள். பேசியது அம்மா, செத்தது பிள்ளைகள்.

இன்று டான்டலம் நம் ஃபோன்களிலும் லேப்டாப்களிலும் மின்சாரத்தைத் தேக்கித் தரும் குட்டி மின்தேக்கிகளில் இருக்கிறது. நயோபியம், எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினின் ராட்சதக் காந்தத்துக்குள் கம்பியாக ஓடுகிறது. இந்த இரண்டு உலோகங்களும் கலந்த தாதுவுக்கு 'கோல்டான்' என்று பெயர். ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் இதை மண்வெட்டியும் கையுமாகத் தோண்டி எடுக்கிறார்கள். அந்தச் சுரங்கங்களைப் பிடிப்பதற்கான ஆயுதக் குழுக்களின் சண்டையில் ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். 'நீங்கள் வாங்கும் டான்டலம் அந்தப் பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்ததா என்று ஆராய்ந்து சொல்லுங்கள்' என்று நிறுவனங்களைக் கேட்க, 2010-ல் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கழுத்தளவு செல்வத்தில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாதவர்கள் பாதாளத்தில் மட்டும் இல்லை.

நம் வீட்டு அகராதி

எல்லாச் சொற்களுக்குள்ளும் வம்பு வழக்கு இல்லை. வருடத்தைத் தொடங்கிவைக்கும் ஜனவரி, முன்னும் பின்னும் பார்க்கும் இரட்டை முகத் தெய்வம் ஜேனஸின் மாதம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகும் மியூசியம், கலைகளின் ஒன்பது தேவதைகளான மியூஸ்களின் இடம். அவசரத்துக்குப் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல், விளைச்சல் தெய்வம் சீரிஸின் பிரசாதம். 'பேனிக் ஆகாதே' என்கிறோமே, ஆட்டுக்கால் கொண்ட காட்டுத் தெய்வம் பேன் திடீரென்று கிளப்பிவிடும் காரணமில்லாத பயம் அது. கை கழுவச் சொல்லும் ஹைஜீன், மருத்துவத் தெய்வம் அஸ்கிளிபியஸின் மகள் ஹைஜியா.

மற்றபடி, பெயர் ஒட்டும் பழக்கம் கிரேக்கர்களோடு நின்றுவிடவில்லை. காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை என்றால் 'கும்பகர்ணன்' என்கிறோம். ராமாயணத்தில் கும்பகர்ணன் யார்? அண்ணன் ராவணனின் சபையில் எழுந்து, 'அடுத்தவர் மனைவியைக் கொண்டுவந்தது தப்பு' என்று முகத்துக்கு நேரே சொன்னவன். தோற்போம் என்று தெரிந்தும், உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தவன். அவன் பேசிய நியாயம், செய்த தியாகம் எல்லாம் போய், தூக்கம் மட்டும்தான் அவன் பெயரில் பட்டாவாகியிருக்கிறது.

காவிய மாந்தர்கள் கதைக்குள் பத்திரமாக இருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் தரப்பு வாதம் அப்படியே கிடைக்கும். வீட்டில் 'மக்கு', 'அழுமூஞ்சி', 'ஊதாரி' என்று பெயர் வாங்கியவர்களுக்கு அப்படியொரு புத்தகம் இல்லை. என்றோ ஒருநாள் நடந்த ஒரு சம்பவத்தில் ஒட்டிய பெயரோடு, 40 வயதிலும் குடும்ப விசேஷங்களில் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரிடம், அன்றைக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் குறுக்கே பேசாமல், முழுக் கதையையும்.

அடுத்த வாரம்: நம் தெருவில் தினமும் கத்தி விற்கப்படும் ஒரு காய்கறியின் பெயரில் கடல் கடந்த கதை ஒன்று இருக்கிறது. எந்தக் காய் என்று யோசித்து வையுங்கள்!